நேர்ந்துவிட்ட முடி

பெயர் காளிதாஸ். ஆனால் வாயைத் திறந்தால் காளிக்கும் வசவு, மாரிக்கும் வசவு. மலாக்காவை அடுத்த செலண்டார் பக்கத்து ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் டிரசராக இருந்து, காய்ச்சல்காரர்களுக்குக் கொயினா மாத்திரை கொடுத்துவந்தார். வேதப் புத்தகத்தோடு வந்த உபதேசியாரையும் அவர் விட்டுவைக்கவில்லை. "உங்க சாமி கடல் மேல நடந்தாராமே, உங்களுக்கு மட்டும் எதுக்குச் சைக்கிளு?" என்று கேட்டு, தொழிலாளர் குடியிருந்த லயத்தையே சிரிக்கவைத்தவர்.

அந்த மனிதர்தான் வருகிற ஞாயிற்றுக்கிழமை மலாக்காவில் போதகராகப் பட்டம் பெறப்போகிறார். அதற்கு மூன்று நாள் முன்பு பழைய தோட்டத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினார். கேலி செய்த எல்லாரிடமும், கோயில் பூசாரியிடம்கூட, மன்னிப்புக் கேட்டாயிற்று. ராமாத்தாளிடம் மட்டும் இல்லை.

எட்டு வருடத்துக்கு முன்பு அவள் மகன் மாரிமுத்துவுக்குக் காய்ச்சல். மூன்று வயதுப் பிள்ளை. மாரியாத்தாளுக்கு நேர்ந்துவிட்ட முடி தோளைத் தாண்டித் தொங்கியது. திருவிழாவில் இறக்கும்வரை அதில் கத்தரி படக்கூடாது. தலையில் ஈரத்துணி போட வேண்டுமென்று காளிதாஸ் அதை வெட்டித் தள்ளினார். "ஆத்தா வந்து கேட்டா என்கிட்ட அனுப்பு" என்று பெரிய சிரிப்பு வேறு. மறுநாள் விடியுமுன் பிள்ளை போய்விட்டான்.

ஆத்தாவின் கோபம் என்றது தோட்டம். "நீதானடி புள்ள தலையக் காட்டினே" என்று சொல்லிவிட்டுப் போன புருஷன் சுப்பன் திரும்பவே இல்லை. ராமாத்தாள் கையில் தண்ணீர் வாங்கிக் குடிக்கவும் ஆள் இல்லாமல் போயிற்று.

உண்மை வேறு. காய்ச்சல் வந்த அன்றே அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். ஆஸ்பத்திரி பூட்டிக் கிடந்தது. சாவி காளிதாஸின் சட்டைப்பையில். அவரோ யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் மலாக்காவில், சாமி இல்லை என்று மேடையில் முழங்கிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து, தோட்டத்துத் தொரை அனுப்பினார் என்று பொய் சொன்னார். ஆத்தாவே இல்லை என்றவர், பழி ஆத்தா மேல் விழுந்தபோது வாயை மூடிக்கொண்டார். வெட்கங்கெட்ட பிழைப்பு.

அதன்பிறகு மேடையில் அவருக்கு நாக்கு எழவில்லை. யாரிடமாவது சொல்லி அழ வேண்டும், ஆனால் வேலையும் போகக்கூடாது. அப்படித்தான் உபதேசியாரின் ஜெபக்கூட்டத்தில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். ஆரம்பம் அப்படி என்றாலும் பிறகு மெய்யாகவே நம்பினார், அதில் பொய்யில்லை.

ராமாத்தாள் ரப்பர் பால் வாளியோடு வந்துகொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது.

"வாங்க டிரசரய்யா. சாமியாரு ஆயிட்டீங்களாமே?"

வாளியை இறக்கிவிட்டு வீட்டுக்குள் போனவள், மஞ்சள் துணி முடிச்சு ஒன்றைக் கொண்டுவந்தாள்.

"புள்ள முடி. நீங்க வெட்டிப் போட்டதப் பொறுக்கி வச்சேன். உங்க சாமிகிட்டக் கேட்டுச் சொல்லுங்க. நான் தலையக் காட்டாம இருந்திருந்தா அவன் இருந்திருப்பானா?"

கர்த்தர் அழைத்துக்கொண்டார் என்ற பேச்சு அவர் நாக்கு நுனிவரை வந்தது. எத்தனை சாவு வீட்டில் சொன்னது! அதை விழுங்கிவிட்டு, பூட்டையும் சாவியையும் மேடையையும் ஒன்று விடாமல் சொன்னார்.

"ரெண்டு நாள் முந்தி கொயினா குடுத்திருந்தா பொழைச்சிருப்பாம்மா."

ராமாத்தாள் முடிச்சை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அப்போ நான் கொல்லல."

"இல்லம்மா."

"ஆத்தாவும் கொல்லல."

"நான்தாம்மா."

"இத வேற யாருகிட்டச் சொன்னீங்க?"

"ஆண்டவர்கிட்ட. ஏழு வருசமா அழுது சொல்றேன்."

"அவரு அங்க மேல இருக்காரு. நான் லயத்துல நாலாவது வாசல்லதானய்யா இருந்தேன்!" அவள் வாளியைத் தூக்கினாள். "பால் ஸ்டோர்ல எல்லாரும் நிறுவைக்கு நிக்கிறாங்க. வாங்க."

ஞாயிற்றுக்கிழமைக்குள் செய்தி மலாக்காவுக்குப் போய்விடும். பட்டமும் அதோடு போகும். அது தெரிந்தும் அவர் பின்னால் நடந்தார்.

ஸ்டோரில் ஐம்பது பேருக்குக் குறையாது. அவர் தலை குனிந்துகொண்டு ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கல டிரசரய்யா" என்றாள் ராமாத்தாள். "அன்னைக்குச் சிரிச்சீங்களே, அந்தச் சத்தத்துல சொல்லுங்க."