கல்லைச் சுற்றி ஒரு வட்டம்

மாதேஷ் கண்ணால் பார்த்தான். ஒரு டிவி சேனலின் தாலுகா நிருபருக்கு அது தேவையே இல்லாத வேலை என்று அப்போது அவனுக்குத் தெரியாது.

பென்னாகரத்தை ஒட்டிய ஊரில் வேட்பாளரின் ஜீப் வந்து நின்றது. ஜல்லி கொட்டியதோடு சரி, தார் முகமே பார்க்காத ரோடு. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் லூர்துமேரி முன்னால் வந்து, "போன தேர்தலுக்கு ஜல்லி கொட்டுனீங்க, இந்தத் தேர்தலுக்காச்சும் தார் ஊத்துவீங்களா?" என்று கேட்டாள். கேட்டது அவ்வளவுதான். வேட்பாளரோடு வந்த நவநீதன் கொடிக்கம்பால் அவள் நெற்றியில் ஒன்று போட்டான். மாதேஷ் போனை எடுப்பதற்குள் கம்பு ஜீப்புக்குள் போய்விட்டது. படத்தில் விழுந்தது ரத்தமும், ஜல்லி மேல் கிடந்த லூர்துமேரியும் மட்டும்தான்.

பேட்டி கொடுக்க அவள் பயந்தாள். "கேஸு கீஸுன்னு வந்தா வேலைய வுட்டு நிறுத்திடுவாங்க தம்பி. எம்பொழப்பே அதுதான்."

"நான் கண்ணால பாத்தேன்க்கா. நடந்தது நடந்தபடி வரும்" என்றான் மாதேஷ். மண்குதிரையை நம்பி அவளும் ஆற்றில் இறங்கினாள்.

சென்னையிலிருந்து செய்திப் பிரிவு சுசித்ரா கூப்பிட்டாள். "ஒரு பக்கமா இருக்கே மாதேஷ். தேர்தல் நேரம். கட்சிக்காரங்க பேட்டியும் வேணும்."

"மேடம், நான் அங்கயேதான் இருந்தேன். அவன் அடிச்சதப் பாத்தேன்."

"நீங்க பாத்தது செய்தி இல்ல. அவங்க ரெண்டு பேரும் சொல்றதுதான் செய்தி."

நவநீதன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். "அந்தம்மா கல்ல வுட்டு எறிஞ்சாங்க. தடுக்கப் போனோம், அவங்களா வுழுந்துட்டாங்க" என்றான். மாதேஷ் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

சாயங்காலம் செய்தி வந்தது. 'பெண் தாக்கப்பட்டாரா? கல் வீசினாரா?' திரையில் ஆளுக்குப் பாதி. அவளுக்கு இருபது விநாடி என்றால் அவனுக்கும் இருபது விநாடி, தங்கம் நிறுக்கிற தராசில் நிறுத்த மாதிரி. லூர்துமேரி விழுந்து கிடந்த படத்தில் அவள் கையருகே கிடந்த ஒரு ஜல்லிக் கல்லைச் சுற்றிச் சிவப்பாக வட்டம் போட்டிருந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனையாவது திருடன் என்று திட்டலாம். இவர்கள் பொய்யையும் மெய்யையும் ஒரே இலையில் சரிபாதியாகப் பரிமாறிவிட்டு நியாயவான் என்று பேர் வாங்குகிறார்கள். 'நல்ல நடுநிலை, வாழ்த்துகள்' என்று சுசித்ரா மெசேஜ் அனுப்பியிருந்தாள்.

மறுநாள் லூர்துமேரியின் புகாருக்குப் பதிலாக நவநீதனும் ஒரு புகார் கொடுத்தான். அந்த வட்டம் போட்ட படத்தைப் பிரிண்ட் எடுத்துப் புகாரோடு இணைத்திருந்தான். இரண்டு பேர் மேலும் கேஸ் போடப்போவதாகக் கேள்விப்பட்டு மாதேஷ் ஸ்டேஷனுக்கு ஓடினான். நெற்றியில் ஆறு தையலோடு லூர்துமேரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி, எங்கையில கல்லு இருந்துச்சா?"

"இல்லக்கா."

"அத அய்யாகிட்டச் சொல்லு."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். வழியிலேயே சுசித்ரா போனில் சொல்லியிருந்தாள்: நிருபர் சாட்சி சொன்னால் சேனலின் நடுநிலை போய்விடும், அப்புறம் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கழுத்தில் தொங்கிய அந்த அட்டையை மாதேஷ் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னான்.

"நாங்க ரெண்டு தரப்பும் சொன்னதத்தான் சார் போட்டோம்."

இன்ஸ்பெக்டர் எழுத ஆரம்பித்தார். லூர்துமேரி அழவில்லை, ஏசவில்லை.

"அப்ப நீ பாத்தது எந்தத் தரப்பு தம்பி?" என்று மட்டும் கேட்டாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் வேறொருத்தி உலை வைத்தாள்.