பதினான்காம் கேள்விக்கு ஒரு பொய்

1.

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து வந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் அசிங்கம்.

2006இல் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் (பெயர் சொல்ல மாட்டேன்) எனக்கு வேலை. இதயக் குறையோடு பிறந்த குழந்தைகளின் தாய்மாரிடம் கேள்வி கேட்டு எழுத வேண்டும். மொத்தம் முப்பது கேள்விகள். பதின்மூன்றாவது, என்ன இனம், என்ன சமூகம். பதினான்காவது, கணவர் சொந்தமா, அசலா.

சொந்தத்தில் கட்டினால் இந்தக் குறைக்கான வாய்ப்பு கொஞ்சம் கூடும் என்றார்கள். பெரும்பாலான குழந்தைகள் நன்றாகத்தான் பிறக்கின்றன என்றும் சொன்னார்கள். அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று எண்ணத்தான் எங்களை வைத்திருந்தார்கள். எண்ணுகிறவர்களை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

2.

சன்னல் வழியே விழுந்த காலை வெயிலில் அந்தத் தாய்

(வெயிலில் தொடங்கும் கதைகளை நானே நம்புவதில்லை. வேறு மாதிரி தொடங்குகிறேன்.)

2. மறுபடியும்.

துர்காவுக்கு இருபது வயது. ரெட்டியார்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். பிறந்து பதினெட்டு நாளான அவளுடைய பெண் குழந்தைக்குப் பால் குடிக்கும்போதே நெற்றி வியர்த்தது, மூச்சு வாங்கியது. இதயத்தில் ஓட்டை. நான் துர்காவிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் பக்கத்தில் நின்ற மாமியார் அஞ்சலாட்சியே பதில் சொன்னாள்.

“சொந்தமா, அசலா?”

“அசல்தாம்மா. தரகர் கொண்டாந்த எடம்.”

கேட்காமலே தரகர் வந்து நின்றது எனக்கு உறுத்தியது. ஆனாலும் ‘அசல்’ பெட்டியில் டிக் போட்டேன். மணி ஒன்று. எனக்குப் பசி.

அப்போது குழந்தையின் நெற்றியைத் துடைக்க அஞ்சலாட்சி கையை நீட்டினாள். முழங்கைக்குக் கீழே ஒரு பெயர் பச்சை குத்தியிருந்தது: பாவாடை. என் படிவத்தின் மூன்றாவது வரியில் துர்காவின் அப்பா பெயரும் பாவாடை.

எங்கள் பக்கம் தெருவுக்கு இரண்டு பாவாடை இருப்பார்கள்தான். ஆனால் என் பெரியம்மா கையிலும் ஒரு பெயர் உண்டு. அது அவள் தம்பியுடையது.

3.

இந்த இடத்தில் குழந்தை இறந்துவிடுவதாக முதலில் எழுதியிருந்தேன். செத்த குழந்தை கதைக்கு ரொம்ப வசதி, வாசகர் எதையும் சந்தேகிக்க மாட்டார். கிழித்துவிட்டேன். அவள் பிழைத்தாள். பிறந்த ஒன்பதாம் மாதத்தில் அறுவை சிகிச்சை நடந்தது.

4.

குழாயடியில் பால் சங்கைக் கழுவ வந்த துர்காவைத் தனியாகப் பிடித்தேன்.

“உங்க மாமியார் கையில இருக்கிற பாவாடை யாரு?”

அவள் குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

“எங்கப்பாதான்க்கா. அவங்க தம்பி.”

“அப்பறம் ஏன் அசல்னு சொல்றாங்க?”

“உரிமைப் பொண்ணுன்னு அவங்கதான் புடிவாதமா கட்டிவெச்சாங்க. டாக்டர் ஏதாச்சும் சொல்லிட்டா பழி அவங்க மேல வந்துரும்ல.”

“நீயாவது வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?”

“தை மாசம் எந்தங்கச்சி ஜெயத்த எங்கொழுந்தனுக்கு எடுக்கறாங்க. சொந்தம்னு எழுதிட்டீங்கன்னா டாக்டர் எங்கப்பாவக் கூப்ட்டுப் பேசுவாரு. அவரு நிறுத்திடுவாரு.”

“நிறுத்தட்டுமே. உன் தங்கச்சி நல்லாயிருக்க வேணாமா?”

“அந்த வூட்ல எனக்குன்னு யாருமில்லக்கா. அவ வந்தா போதும்.” ஈரக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். “மாத்திடாதீங்க.”

கடைசி வசனத்தை அவள் சொன்னாளா, நான் சொல்லவைத்தேனா? மூன்று வருடமாக யோசிக்கிறேன். தங்கைக்கு என்ன வரக்கூடும் என்று தெரிந்தே ஒரு அக்கா துணைக்குக் கூப்பிடுவாளா? கூப்பிடுவாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. கொஞ்ச நேரத்தில் பாவமாகவும் இருந்தது.

டிக்கை நான் மாற்றவில்லை. அவள் கையைப் பிடித்ததால் மனம் இளகிவிட்டது என்று எழுதினால் நான் நல்லவளாகிவிடுவேன். உண்மை வேறு. அடித்துத் திருத்தினால் மேற்பார்வையாளரைத் தேடிப்போய்க் கையெழுத்து வாங்க வேண்டும். எனக்குச் சோம்பல்.

[அடிக்குறிப்பு போல ஒன்று: அடுத்த கட்டிலில் ஃபரீதா. அவள் குழந்தைக்கும் அதே ஓட்டைதான். “இனம்னா என்னங்க எழுதுவீங்க? நாங்களும் இந்த ஊருதான்” என்று சிரித்தவள், அடுத்த கேள்விக்கு ஒளிவுமறைவில்லாமல், “சொந்தந்தான், எங்க சாச்சா மவன், சித்தப்பா புள்ள” என்றாள். உண்மை சொன்னவள் சொந்தக் கணக்கில் சேர்ந்தாள். பொய் சொன்னவர்கள் அசல் கணக்கில். இனி யாராவது, ‘அவங்க ஆளுங்கள்லதான் இது ஜாஸ்தி’ என்று சொன்னால், எந்தப் படிவத்தை யார் நிரப்பினார்கள் என்று கேட்டுவிட்டு நம்புங்கள்.]

5.

முடிவு ஒன்று: நான் படிவத்தைத் திருத்துகிறேன். பாவாடை வருகிறார், டாக்டர் விளக்குகிறார், கல்யாணம் நிற்கிறது, ஜெயம் என்னைத் தேடி வந்து நன்றி

(இதை எழுதும்போதே கை கூசுகிறது.)

முடிவு இரண்டு: ஜெயத்துக்குக் கல்யாணம் நடக்கிறது, வரிசையாக நல்ல குழந்தைகள் பிறக்கின்றன. இதுவும் நடக்கக்கூடியதுதான். அதனால்தான் என்னைப் போன்றவர்கள் தப்பித்துக்கொள்கிறோம்.

6.

இப்போது 2009. அதே மருத்துவமனையில் ஸ்கேன் அறை வாசலில் நான் சீட்டு எழுதுகிறேன். இன்று காலை அஞ்சலாட்சி வந்தாள். கூடவே ஐந்து மாத வயிற்றோடு ஒரு பெண். பெயர் ஜெயம், அப்பா பெயர் பாவாடை. பின்னால் துர்கா. அவள் கையை உதறிக்கொண்டு ஓடிய மூன்று வயதுக் குழந்தையின் கவுனுக்கு மேலே, மார்பில் தழும்பு தெரிந்தது.

இந்தச் சீட்டிலும் அந்தக் கேள்வி உண்டு. சொந்தம், வீட்டுக் குழந்தைக்குப் பிறவி இதயக் குறை என்று இரண்டையும் எழுதினால், வயிற்றில் இருக்கும் குழந்தையின் இதயத்தைத் தனியாகப் பார்ப்பார்கள். குறை இருந்தால் பிரசவத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று முன்கூட்டியே தீர்மானிக்கலாம். எழுதாவிட்டால் வழக்கமான ஸ்கேனோடு வீட்டுக்குப் போகலாம்.

“சொந்தமா, அசலா?” என்று ஜெயத்தைப் பார்த்துக் கேட்டேன்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அஞ்சலாட்சி, “அசல்தாம்மா. தரகர் கொண்டாந்த எடம்” என்றாள். அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே தரகர். சொல்லிவிட்டு என் முகத்தை உற்றுப் பார்த்தாள். அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள்.

துர்கா என்னைப் பார்த்தாள். ‘சொல்லுங்கள்’ என்று பார்த்தாளா, ‘மாத்திடாதீங்க’ என்று பார்த்தாளா? அதை எழுதிவிட்டால் முடிவை நானே எடுத்ததாகிவிடும். எனக்கு அந்த யோக்கியதை இல்லை.

7.

சீட்டு மேசையில் இருக்கிறது, பெட்டி காலி. கேள்வியை நீங்கள் கேளுங்கள். அஞ்சலாட்சியிடம் வேண்டாம், துர்காவிடமும் வேண்டாம். என்னிடம் கேட்கவே கேட்காதீர்கள், பதில் தெரிந்தும் ஒருமுறை தப்பாக விட்டவள் நான். ஜெயத்தைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

சீக்கிரம். அடுத்து அவள் பெயரைத்தான் கூப்பிடப்போகிறார்கள். அக்கா தன்னை எப்படி அந்த வீட்டுக்கு வரவழைத்தாள் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்து, தழும்புள்ள குழந்தையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, அவள் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாள்.