சவுக்குத்தோப்பு ஜப்பான்

சோணையம்மாள் ஜப்பானைப் பார்த்தது ராமநாதபுரத்தில், மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், பகல் ஆட்டத்தில். அது அறுபத்தொன்றாம் வருஷம். கடலாடிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து பஸ் ஏறி வந்திருந்தார்கள்.

மெட்ராஸ் கம்பெனி எடுத்த படம். டாக்டர் படிப்புக்காகக் கப்பலேறிப் போகிறவன் அந்த நாட்டுக் கடலோரக் கிராமம் ஒன்றில் ஒரு பெண்ணிடம் மனசைக் கொடுத்துவிடுகிறான். திரையில் எழுத்து விழுந்ததும் பின்னாலிருந்த ஒருவர், "ஜப்பான் நாட்டில் ஒரு கிராமம்" என்று எல்லாருக்குமாக வாசித்துச் சொன்னார். பனி மூடிய மலை, காகிதம் ஒட்டிய கதவுகள், கூம்புத் தொப்பி வைத்த ஜனங்கள். பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே பார்த்தார்கள்.

பாதிப் படத்தில் ஒரு குழந்தை கடலில் விழுந்துவிடுகிறது. டாக்டர் தண்ணீரில் பாய்கிறான். ஊர் ஜனம் முழுக்கக் கரைக்கு ஓடுகிறது. அந்தக் கூட்டத்தில் ஒருவன் மட்டும் நாலு எட்டு வைத்துவிட்டு நின்றான். தொப்பி சரிந்து விழுந்தது. அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் பிடரியைப் பொத்திக்கொண்டான்.

சோணையம்மாள் எழுந்து நின்றுவிட்டாள்.

"உக்காரு தாயி, மறைக்குது" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. அவள் உட்காரவில்லை. பக்கத்திலிருந்தவள்தான் சேலையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"அடியே, அது கூத்தையா. எந் தம்பி."

"கூறுகெட்டவளே, அது சப்பான்காரன்."

கூத்தையா ஊரைவிட்டுப் போய்ப் பத்து வருஷமாகியிருந்தது. அப்போது அவனுக்குப் பதினெட்டு வயது. சோணையம்மாள் களையெடுக்கப் போன ஒரு காலையில், ஐந்து வயது மகன் சேதுவைத் தம்பியோடு கண்மாய்க்கரைக்கு அனுப்பிவைத்தாள். ஆடு மேய்க்கப் போனவனோடு பிள்ளையும் போனான். உச்சிப்பொழுதில் மடைப்பள்ளத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கரையில் கூட்டம் கூடி அழுதபோது, கூத்தையா தள்ளி ஒரு கருவேல மரத்தடியில் இதேபோல் பிடரியைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பொழுது சாய்ந்த பிறகு அவனைக் காணவில்லை. கொழும்புக்குப் போய்விட்டான் என்றார்கள், ரயிலில் விழுந்துவிட்டான் என்றார்கள். அவர்களுடைய தாய் மகன் பேரைச் சொல்லிச் சொல்லியே ஏழாம் வருஷம் கண்ணை மூடினாள்.

அடுத்த வாரம் சோணையம்மாள் யாரிடமும் சொல்லாமல் மறுபடி ராமநாதபுரம் போய் அந்தப் படத்தைப் பார்த்தாள். இந்தத் தடவை கதையைக் கவனிக்கவில்லை. கூட்டம் ஓடும் இடத்துக்காகக் காத்திருந்தாள். அவனேதான். உடம்பு இறுகியிருந்தது, நெற்றி ஏறியிருந்தது. ஆனால் அந்த உட்காருதலை அவள் எங்கே பார்த்தாலும் அறிவாள். இன்னொன்றும் கண்ணில் பட்டது. அவனுக்குப் பின்னால், காகிதக் கதவு வீட்டின் கூரைக்கு மேலே, ஒரு பனங்கொண்டை தெரிந்தது. பாளையில் கலயம் கட்டியிருந்தது.

ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்தபின் அவள் மாடிப்படியடியில் நின்றாள். படம் ஓட்டுகிற சதக் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். சப்பான்ல பதனி எறக்குவாகளா?"

சதக் பீடியை வாயிலிருந்து எடுத்தார். "என்னத்தா கேக்குற?"

"அந்த ஊருல பனைமரம் நிக்கிது. கலயம் கட்டியிருக்கு. நான் ரெண்டு வாட்டி பாத்துட்டேன். அது எந்த ஊருன்னு சொல்லுங்க."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பத்து நாளா இந்த ஜில்லாவே பாத்துட்டுப் போகுது, ஒருத்தருக்கும் அது தட்டுப்படலையே!" அவள் சிரிக்காததைப் பார்த்து அவரும் நிறுத்திக்கொண்டார். "என் மச்சான் தேவிபட்டினத்துலதான் இருக்கான். அங்கன இருந்து வடக்க, கடலோரமா ஒரு மணி நேரம் நடக்கணும். மீரா சாகிபு மரைக்காரோட சவுக்குத்தோப்பு. போன சித்திரையில இருவது நாளு லாரியும் ஆளுமாக் கெடந்தாக. மலைய மட்டும் துணியில வரைஞ்சு கொண்டாந்து கட்டுனாகளாம். ஆமா, உனக்கு எதுக்கு?"

"எந் தம்பி அங்கன இருக்கான்."

வீட்டில் கருமலையான் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்திருந்தபோது அவள் சொன்னாள். புருஷன் கையை உதறிக்கொண்டு எழுந்தான்.

"எம் புள்ளயத் தண்ணிக்குக் குடுத்தவனையா தேடிப் போற?"

"என் வயித்துல பெறந்த புள்ளதான் அது. எங்கூடப் பெறந்தவனத் தேடிப் போறேன்."

"அவன் காலு இந்த வாசல்ல படக்கூடாது, சொல்லிட்டேன்."

"படும்" என்றாள் சோணையம்மாள். குரலை உயர்த்தவில்லை. மறுநாள் விடிந்ததும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, இரண்டு நாளைக்கான கம்பை இடித்துவைத்துவிட்டு, மாற்றுச்சேலை ஒன்றை மடியில் சுருட்டிக்கொண்டு புறப்பட்டாள். கருமலையான் தடுக்கவில்லை. வழியனுப்பவும் இல்லை.

தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கோயிலுக்குள் போகாமல் வடக்கே திரும்பினாள். ஈர மணலில் நடப்பது அவளுக்குப் புதிது. செருப்பில்லாத காலில் சிப்பி குத்தியது. வழியில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களிடம் வாயைத் திறந்து கேட்பதற்குள், "சப்பான்தானே? நேரா போங்க" என்று கையைக் காட்டினார்கள். பொங்கலிலிருந்து நாள் தவறாமல் யாராவது வண்டி கட்டிக்கொண்டு பார்க்க வருகிறார்களாம்.

சவுக்குத்தோப்பின் விளிம்பில் அந்தக் கிராமம் நின்றது. மொத்தம் மூன்று வீடுகள். மூன்றுக்கும் முன்பக்கம் மட்டும்தான் இருந்தது. பின்னால் மூங்கில் முட்டுக்கொடுத்துச் சணல் கட்டியிருந்தது. கதவுக் காகிதத்தைக் கடற்காற்று தின்றுவிட்டதால் சட்டங்கள் மட்டும் மிச்சமிருந்தன. மலை கட்டிய இடத்தில் இரண்டு கம்பங்கள் நின்றன. வாசலில் ஒரு ஆடு படுத்திருந்தது. சோணையம்மாள் அண்ணாந்து பார்த்தாள். பனை இருந்தது.

வெள்ளைத் தொப்பியும் கைலியுமாக ஒரு பெரியவர் வந்தார். மீரா சாகிபு அவர்தான். "வாங்க தாயி. சப்பானு இவ்வளவுதான். மலையச் சுருட்டி எடுத்துட்டுப் போயிட்டாக."

"நான் ஊரு பாக்க வரல, மரைக்காரே. கூட்டத்துல ஓடாம ஒருத்தன் உக்காந்தானே, அவனப் பாக்கணும்."

பெரியவர் அவளை உற்றுப் பார்த்தார். "கூத்தனையா? அவனுக்காகச் சினிமாக்காரனுவ போட்ட சத்தம் இருக்கே! வெளிச்சம் போயிருச்சு, இன்னொரு தடவ எடுக்க ஏலலைன்னு அப்படியே விட்டுட்டானுவ. பத்து வருசமா என் கருவாட்டுக் களத்துலதான் கெடக்கான். கடக்கரையிலயே கெடந்தும் ஒரு நா கால நனைச்சதில்ல. என்ன ஏதுன்னு நானும் கேட்டதில்ல. நீங்க யாரு?"

"அக்கா."

களம் தோப்புக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஓலைப் பாய்களில் மீன் காய்ந்துகொண்டிருந்தது. கூத்தையா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு எதிரே வந்தவன், அவளைக் கண்டதும் நின்றான். கூடை விழுந்தது. திரும்பி, கரையோரமாக நடக்க ஆரம்பித்தான். நடை ஓட்டமானது.

சோணையம்மாள் துரத்தவில்லை. துரத்திப் பிடிக்கிற வயதும் இல்லை, பிடித்து ஆகப்போவதும் இல்லை. சிதறிய மீனைக் கூடையில் அள்ளினாள். பாயோரம் உட்கார்ந்து, அவன் விட்டுப்போன வேலையைச் செய்தாள். ஒரு பக்கம் காய்ந்ததை மறுபக்கம் திருப்பினாள். காக்காயை விரட்டினாள். வெயில் உச்சிக்கு வந்து இறங்கியது. மீரா சாகிபின் மனைவி ஹமீதா பானு ஒரு சொம்புத் தண்ணீரும் சோறும் கொண்டுவந்து வைத்துவிட்டு, கேள்வி கேட்காமல் போனார்.

பொழுது மேற்கே சாயும்போது கூத்தையா திரும்பி வந்தான். பத்தடி தள்ளி மணலில் உட்கார்ந்தான்.

"அம்மா இருக்காளாக்கா?"

"இல்ல. மூணு வருசமாச்சு."

அவன் தலை தாழ்ந்தது. மணலைக் கையால் கீறிக்கொண்டே, அவள் கேட்காமலேயே சொன்னான். "தூங்கிட்டேங்க்கா. ஆட்ட விட்டுட்டு மரத்தடியில சாஞ்சேன். பக்கத்துலதான் மண்ணுல வீடு கட்டிக்கிட்டு இருந்தான். கண்ண மூடித் தெறந்தேன், ஆளக் காணல. பள்ளத்துல குதிச்சு நாந்தான் எடுத்தேன். கை அவ்வளவு சின்னதா இருந்துச்சு."

பத்து வருஷமாக அவள் கேட்கக் காத்திருந்த சொல் அது. கேட்டபிறகு, நினைத்திருந்தபடி கோபம் வரவில்லை. சேலைத்தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு அவன் என்கூடத்தான் வாரேன்னு அழுதான். வேலையக் கெடுப்பான்னு முதுகுல ஒண்ணு வச்சு உன்கூட அனுப்புனேன். அத இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. உன் மேல தப்பில்லன்னு சொல்ல நான் வரல. தப்புதான். ஆனா அதுக்குன்னு நீ செத்தவனாட்டம் கெடக்கணும்னு எவன் சொன்னான்? எந்திரி. ஊருக்குப் போவோம்."

"ஏலாதுக்கா. அந்தக் கண்மாயத் தாண்டி என்னால வர ஏலாது."

"அப்பச் சரி. நீ வாரவரைக்கும் நான் இங்கனதான்."

அவன் அதை வெறும் பேச்சென்று நினைத்தான். மறுநாள் காலையில் அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு களத்தில் நின்றாள். அதற்கடுத்த நாளும் நின்றாள். மீனை அலசி உப்புத் தடவ ஹமீதா பானுவிடம் கற்றுக்கொண்டாள். கை வெந்து தோல் உரிந்தது. ஊருக்குப் போவது பற்றி மறுபடி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்பிக்குச் சோறு போட்டாள், அவன் சாப்பிட்டான்.

மூன்றாம் நாள் திருவாடானையிலிருந்து இரண்டு வண்டி ஆட்கள் ஜப்பான் பார்க்க வந்தார்கள். ஓட்டை வீட்டு வாசலில் நின்று படத்தில் வருகிற மாதிரி குனிந்து கும்பிட்டு விளையாடினார்கள். அப்போது கருவாட்டுக் கூடையோடு போன கூத்தையாவை ஒருவன் அடையாளம் கண்டுகொண்டான்.

"ஏலே, இவன்தாண்டா! ஓடச் சொன்னா உக்காந்தவன்! எங்க, இன்னொரு வாட்டி உக்காந்து காட்டப்பா!"

எல்லாரும் சிரித்தார்கள். கூத்தையா கூடையை இறக்கக்கூடத் தெரியாமல் நின்றான். சோணையம்மாள் களத்திலிருந்து உப்புக் கையோடு வந்து நடுவில் நின்றாள்.

"சிரிக்காதீக" என்றாள். "எம் புள்ள அஞ்சு வயசுல கண்மாயில போயிட்டான். தண்ணியில குதிச்சுத் தூக்குனது இவன். அந்த நெனப்புலதான் உக்காந்துட்டான். உங்க வீட்டுல அப்படி நடந்திருந்தா நீங்களும் ஓடியிருக்க மாட்டீக."

சிரிப்பு நின்றது. ஒரு பெண் "அய்யோ ஆத்தா" என்றாள். கேட்டவன் தலையைச் சொறிந்துகொண்டு, "தெரியாமக் கேட்டுட்டேன், மன்னிச்சிரு தம்பி" என்று சொல்லி வண்டிப்பக்கம் நகர்ந்தான்.

கூத்தையா அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை வருஷத்தில், 'தூக்குனது இவன்' என்று யாரும் அவனைச் சொன்னதில்லை. அவனே தனக்குச் சொல்லிக்கொண்டதும் இல்லை. அன்று மாலை அவன் மீரா சாகிபிடம் போய், ஒரு வாரம் ஊருக்குப் போய் வருவதாகச் சொன்னான். பெரியவர், "போயிட்டு வா. அல்லா துணை இருப்பான்" என்று தோளில் தட்டினார்.

மறுநாள் பிற்பகல் அக்காவும் தம்பியும் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தார்கள். கண்மாய்க்கரை வந்ததும் அவன் கால் நின்றுவிட்டது. சோணையம்மாள் அவன் கையைப் பிடிக்கவில்லை. கரையில் உட்கார்ந்துகொண்டாள். தண்ணீர் வற்றி, மடைப்பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் கிடந்தது. அவன் ஒவ்வொரு அடியாக இறங்கிப் போய்ப் பள்ளத்தோரம் நின்றான். குனிந்து தண்ணீரைத் தொட்டான். பிறகு முழங்கால்வரை இறங்கி, சத்தம் போட்டு அழுதான். மேய்ச்சல்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அழுது முடித்து அவனாகவே மேலேறி வந்தான்.

வீட்டு வாசலில் கருமலையான் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தான். மைத்துனனைப் பார்த்தான். எழுந்து உள்ளே போகவில்லை, வா என்று சொல்லவுமில்லை. கூத்தையா வாசலிலேயே தயங்கி நின்றான்.

"உள்ள வா" என்றாள் சோணையம்மாள். அவன் கால் வாசலைத் தாண்டியது.

அந்த ஒரு வாரமும் கருமலையான் அவனோடு பேசவில்லை. ஒரே கூரைக்குக் கீழே இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டார்கள். அக்கம்பக்கத்தில் சிலர் வந்து அழுதார்கள், சிலர் வாசல்வரை வந்து திரும்பிப் போனார்கள். சோணையம்மாள் யாரையும் சமாதானப்படுத்தப் போகவில்லை. எட்டாம் நாள் கூத்தையா களத்துக்குத் திரும்பப் புறப்பட்டான். அவள் அதையும் தடுக்கவில்லை. அவனுக்கு அங்கே வேலை இருக்கிறது, சோறுபோட்ட மனுஷர் இருக்கிறார்.

வாசலில் நின்று பார்த்தாள். தம்பி முன்னால் போனான். பத்தடி பின்னால், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, வயலுக்குப் போகிறவன்போலக் கருமலையானும் போனான். ஆனால் வயலுக்குத் திரும்பும் இடத்தில் அவன் திரும்பவில்லை. ரோடுவரை பின்னாலேயே போய், வேப்பமரத்தடியில் தள்ளி நின்றான். பஸ் வந்து கூத்தையா படியில் கால் வைத்தபோது, மரத்தடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"சித்திரைக்குச் சாமி கும்புடு இருக்கு. வந்துரு."

சித்திரையில் கூத்தையா வந்தான்.