சாணத்துத் திருநீறு

பேரின்பநாதனுக்கு ஒரு பிடிவாதம். திருநீறு என்றால் சாணம் சுட்டதாகத்தான் இருக்கவேண்டும். மொன்றியல் கடைகளில் வாசனை போட்டு விற்கும் பைக்கற் தூளைச் சோக்குக்கட்டி மா என்று நக்கலடிப்பார்.

வேலையோ கதிர்வீச்சு அளப்பது. ஒருகாலத்தில் அணுகுண்டு வெடிக்கவைத்துப் பார்த்த கசகஸ்தான் புல்வெளிக்கு அவருடைய ஆய்வுகூடம் வருடாவருடம் ஆளனுப்பும். இம்முறை போனவர் மண்ணெடுத்தார், புல்லெடுத்தார், பாலெடுத்தார். எல்லாவற்றையும் கையுறை போட்டே பொதிசெய்தார். தங்கிய வீட்டுக்காரி காய்ந்த சாணத்தை அடுப்பில் எரித்தாள். வெள்ளை வெளேரென்று சாம்பல்! மனுசனுக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. அரித்தெடுத்து, ஒரு டப்பா நிறைய வீட்டுக்குக் கொண்டுவந்தார். அந்த மாடு எந்தப் புல்லைத் தின்றது என்று ஒரு கணமாவது யோசித்தாரா? சாமி காரியம் என்றதும் படித்த படிப்பெல்லாம் சப்பாத்தோடு வாசலிலேயே நின்றுவிட்டது.

திங்கட்கிழமை மொன்றியல் சென்ட் லோரன்ட் ஆய்வுகூடத்தில், அளவறைக்குள் நுழையுமுன் வழக்கம்போலக் கதிர்வீச்சுக் கருவியால் உடம்பைச் சோதித்தார். கையில் ஒன்றுமில்லை, காலில் ஒன்றுமில்லை. நெற்றிக்கு நேரே வந்ததும் கருவி கடகடவென்று கத்தியது.

தடவிப் பார்த்தார். விரலில் வெள்ளைத் தூள். ஐயோ! சாணம் எரியும், அதிலிருக்கும் கதிர்வீச்சு நஞ்சு எரியாது. கூடைக்கணக்கில் எரித்தாலும் அத்தனையும் ஒரு பிடி சாம்பலுக்குள் வந்து சேரும். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு இதைப் பாடமெடுப்பவரே அவர்தான்.

வீட்டுக்குப் போன் அடித்தார். மனைவி பிரஷாந்தினி எடுத்தாள்.

"தக்ஷினிக்குத் திருநீறு பூசினனீரோ?"

"ஓம், காய்ச்சல்காரப் பிள்ளையெல்லே. நீங்கள் வந்த நாள் தொட்டுப் பூசிறன். வாயிலையும் ஒரு கிள்ளுப் போடுறனான். கடைச் சாமான் இல்லைத்தானே, நல்ல சுத்தம்."

"இனி அதைத் தொடாதையும்! பிள்ளையின்ரை வாயைக் கழுவிவிடும். நான் வாறன்."

"என்னப்பா, ஏன் கத்துறியள்?"

போனை வைத்தார். கருவியைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறினார். வில்லரேயில் இருக்கும் வீடு வரைக்கும், "கொஞ்சமாத்தான் இருக்கும், பயப்பிட ஒண்டுமில்லை" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். கசகஸ்தானில் அந்த ஊர்த் தாய்மார் கேட்டபோதும் அவர் இதைத்தான் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

மகள் தக்ஷினி சோபாவில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னால் முழந்தாளிட்டு, கருவியை அவளுடைய வாயருகே பிடித்தார்.

கட்... கட்... கடகடகட.

பிள்ளைக்கு ஒரே சிரிப்பு.

"என்கோர், பப்பா! இன்னொருக்கா!" என்று வாயை இன்னும் பெரிதாக ஆவெனத் திறந்தாள்.