எவர்சில்வர் வாக்குமூலம்

எஃகுக்கும் பயம் உண்டு. உலோகவியல் வரலாற்றிலேயே இதை முதன்முதலாகக் கண்டுபிடித்தவன் எழிலன், சிதம்பரத்தில் எம்.இ. இரண்டாம் ஆண்டு. "கோவத்தோட தேய்ச்சா எந்த ஸ்டீலும் உண்மையைக் கக்கும் வினோ. தடவிக் குடுத்தா தூங்கிடும்" என்று லேபில் பிரகடனம் செய்தான். சிரிக்கவில்லை.

பக்கத்து மேசையில் வினோதினி தன் ப்ராஜெக்ட் துண்டை எமெரி பேப்பரில் விரல் நுனியால் பட்டும் படாமல் தேய்த்துக்கொண்டிருந்தாள். சொரசொரப்பான தாளிலிருந்து அடுத்த மெல்லிய தாளுக்கு மாறும்போதெல்லாம் எழுந்து போய், பழைய தாளின் துகள் ஒட்டிவந்து கீறிவிடாமல் துண்டையும் கையையும் நகக்கண் வரை கழுவிவிட்டு வந்தாள்.

"திருவந்திபுரத்துல மொட்டை போட்ட புள்ளைக்குச் சந்தனம் பூசுறியா, சாம்பிள் தேய்க்கிறியா?" என்று எரிந்து விழுந்தான் எழிலன்.

அவன் கோபத்துக்குக் காரணம் அவன் கையிலேயே இருந்தது: பிளாஸ்டிக் வில்லையில் பதித்த பைப் துண்டு. அக்கா புருஷன் கதிரவன் கடலூரில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் வெல்டர். அவர் பற்றவைத்த ஸ்டெயின்லெஸ் பைப், பற்றுக்குப் பக்கத்தில் விரிசல் விட்டு ஆசிட் ஒழுகிவிட்டது. மேனேஜர் அவரை ஏ.சி. அறையில் நிற்கவைத்து ஒருநாள் முழுக்கக் கத்தியதில், "என் தப்பாத்தான் சார் இருக்கும்" என்று சொல்லிவிட்டார். நாளை விசாரணை. வேலை போய்விடும்.

கம்பெனி வாங்கிப் போட்டதே கார்பன் ஜாஸ்தியான மட்டமான பைப் என்பது எழிலனின் சந்தேகம். எஃகு உள்ளே குருணை குருணையாக இருக்கும். மட்டமான பைப்பென்றால் வெல்டிங் சூட்டில் குருணைகளின் ஓரம் நொய்ந்துவிடும். ஆசிடில் வைத்துக் கரண்ட் கொடுத்தால் அந்த ஓரங்கள் கறுப்புப் பள்ளமாகத் தெரியும். மாமா வெட்டிக் கொடுத்தது இரண்டே துண்டு.

"சொல்லுடா" என்று பல்லைக் கடித்து அழுத்தினான். மேனேஜரின் முகத்தை நினைத்து இன்னும் அழுத்தினான். நடுவில் இரண்டு தாள்களைத் தாண்டினான். கை கழுவவில்லை. துணிச் சக்கரத்தில் பிடித்ததும் துண்டு கண்ணாடியாய்ப் பளபளத்தது.

"பாத்தியா? நீ இன்னும் பந்தக்கால் நட்டுக்கிட்டு இருக்க. நான் மறுவீடே முடிச்சிட்டேன்."

ஆக்ஸாலிக் ஆசிடில் வைத்துக் கரண்ட் கொடுத்து, கழுவிக் காயவைத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தான். குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். குருணையும் தெரியவில்லை, ஓரமும் தெரியவில்லை.

"பைப்பு பூரா விரிசல்டி!"

வினோதினி குனிந்து பார்த்தாள். "விரிசலும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீ அழுத்துனதுல மேல்தோல் மட்டும் நசுங்கியிருக்கு. பழைய கீறலும் அப்படியே கெடக்கு. இது சாஃப்ட்டுடா, அழுத்துனா இல்லாததெல்லாம் சொல்லும். இதைக் காட்டு, வெல்டர்தான் சொதப்பிட்டான்னு அந்த மேனேஜரே சந்தோஷமா எழுதிக்குவான்."

எழிலன் ஸ்டூலை எட்டி உதைத்தான். அது உருண்டு நிற்பதற்குள் போன் அடித்தது.

"மச்சான், விட்டுடுப்பா" என்றார் மாமா. "நாந்தான்னு ஒத்துக்கிட்டேனே."

"செய்யாததை நீ எதுக்கு மாமா ஒத்துக்கிட்ட?" லேப் அதிர்ந்தது.

"கத்துறான்ப்பா. இப்ப நீ கத்துற மாதிரியே கத்துறான். அங்க நின்னா எதையாவது சொல்லிட்டு வெளிய வந்தாப் போதும்னு ஆயிடுது."

எழிலன் போனை மெதுவாகக் கீழே வைத்தான். நசுங்கிய துண்டைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

இரண்டாவது துண்டை எடுத்தான். சொரசொரப்பான தாளிலிருந்து ஆரம்பித்தான். கோபம் இம்மியும் குறையவில்லை. வாய் மேனேஜரின் ஏழு தலைமுறையையும் வெளுத்துக்கொண்டிருந்தது. விரலுக்கு மட்டும் அதை இறங்க விடவில்லை. ஒரு தாளையும் தாண்டவில்லை.

மறுபடி ஆசிட், மறுபடி மைக்ரோஸ்கோப். இந்த முறை குருணைகள் ஒவ்வொன்றையும் சுற்றிக் கறுப்பாக ஓர் அகழி. பைப்தான் மட்டம். மாமாவின் கை சுத்தம்.

வினோதினி படம் எடுத்தாள். "ஒண்ணு போதுமா? ஏதோ ஒரு துண்டுன்னு தட்டிவிட்டுடுவான்."

எழிலன் நசுங்கிய முதல் துண்டை எடுத்துச் சொரசொரப்பான தாளின் பக்கத்தில் வைத்துவிட்டு, குழாயடிக்குப் போய் நகக்கண்ணைக் கழுவ ஆரம்பித்தான்.