செங்கரட்டில் பங்குனி ஆமை

தங்கம் எங்கே கிடைக்கும் என்று பாண்டி பஜாரில் கேட்டால் யாரும் மலையைக் காட்ட மாட்டார்கள், எதிர்க்கடையைக் காட்டுவார்கள். அப்படி ஒரு நகைக்கடைக்கு நேர் எதிரே, புடவைக் கடையின் மூன்றாவது மாடியில் இருந்தது ‘பசும்பார்வை’ நிறுவனம். ஓர் இடத்தில் சுரங்கமோ துறைமுகமோ வருவதற்கு முன், அதனால் சுற்றுச்சூழலுக்கு என்ன கேடு வரும் என்று ஆராய்ந்து அறிக்கை எழுதித் தருவது அவர்கள் தொழில். பதினோரு வருடங்களில் நாற்பத்திரண்டு அறிக்கைகள். ஒன்றில்கூடக் கேடு கண்டுபிடிக்கப்படவில்லை. அதனால்தான் கம்பெனிகள் தேடி வந்தன.

நாற்பத்து மூன்றாவது அறிக்கை ஒரு தங்கச் சுரங்கத்துக்கு. கொங்குப் பக்கம் செங்கரடு என்றொரு குன்று. நூற்றெண்பது ஹெக்டேர் மேய்ச்சல் புறம்போக்கு. அரசு நிலம்தான், ஆனால் ஆடு மேய்க்கிறவர்கள் தங்களுடையது என்று தலைமுறை தலைமுறையாகத் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதை மேலிருந்து வெட்டி, நூற்றிருபது மீட்டருக்குக் குழி தோண்டி, ஒரு டன் பாறைக்கு ஒன்றரை கிராம் வீதம் தங்கம் எடுப்பது திட்டம். மிச்சமாகும் பாறைக் குவியலுக்கு அறிக்கையில் ‘பசுமை மேடு’ என்று பெயர் வைத்தாகிவிட்டது.

செங்கரட்டுக்கு உண்மையிலேயே போய்வந்த ஒரே ஆள் அன்புச்செல்வி. எம்.எஸ்சி. படித்த களப்பணியாளர், இருபத்தாறு வயது. அடையாற்றங்கரையில் பிறந்து, குடிசைகளை இடித்தபோது குடும்பத்தோடு ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டவள். ‘மக்கள் விருப்பத்துடன் இடம்பெயர்ந்தனர்’ என்று அப்போதும் ஓர் அறிக்கை எழுதப்பட்டது. அவள் அம்மா தன் விருப்பத்தை லாரியில் ஏறும்போது தெரு முழுக்கக் கேட்கும்படி தெரிவித்திருந்தாள்.

செங்கரட்டின் கிழக்குச் சரிவில், பாறை இடுக்கில், ஒரு சுனை. பெயர் நரிச்சுனை. சித்திரை வெயிலிலும் வற்றாதது. கீழே இருக்கும் மூன்று ஊர்களுக்கு அதுதான் குடிதண்ணீர். அன்புச்செல்வி அளந்தாள், படம் எடுத்தாள், நான்கு பக்கம் எழுதினாள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முத்தம்மா பக்கத்திலேயே நின்று பார்த்தாள்.

“ஏங்கண்ணு, எங்க சுனை உங்க புக்குல வந்துருமா?”

“வரும்க்கா. நானே எழுதிட்டேனே.”

“வந்துருச்சுன்னா தோண்ட மாட்டாங்கல்ல?”

அன்புச்செல்வி ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டாள். வேலைக்குச் சேர்ந்து எட்டே மாதம் ஆனவள் வேறு என்ன செய்வாள்?

அறிக்கையில் காடு, விலங்கு, நீர்நிலை பற்றி எழுத ஒரு நிபுணர் வேண்டும். ‘நானே நேரில் சென்று பார்த்தேன்’ என்று கையெழுத்தும் போட வேண்டும். பசும்பார்வையின் நிபுணர் சந்திரமௌலி, ஓய்வு பெற்ற விலங்கியல் பேராசிரியர். மயிலாப்பூரில் வீடு, இரண்டு முழங்காலிலும் வலி. கடைசியாக அவர் ஏறிய மலை பரங்கிமலை, அதுவும் காரில். ஆனால் காகிதத்தில் அவர் போகாத காடில்லை. பழைய அறிக்கையைக் கணினியில் திறப்பார், ஊர்ப் பெயரை மாற்றுவார், காபி குடிப்பார். செங்கரட்டின் பறவைப் பட்டியலில் இருந்த பன்னிரண்டு பறவைகளும் நாகேஸ்வரராவ் பூங்காவில் காலை நடைப்பயிற்சியின்போது அவருக்கு வணக்கம் சொல்பவை.

நான்கு பக்கத்தையும் படித்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“என்னம்மா இது, சுனை கினைன்னு எழுதிண்டு?”

“இருக்கு சார். மூணு ஊரு குடிக்குது.”

“குடிச்சுட்டுப் போகட்டும். நீர்நிலைன்னு ஒரு வார்த்தை உள்ள வந்துதுன்னா தண்ணி ஆராய்ச்சி தனியாப் பண்ணுன்னுடுவா. ஆறு மாசம் போயிடும். ‘பருவகால ஈரக்கசிவு’ன்னு போடு.”

முதலாளி ஜெயராம் அறைக்குள் எட்டிப் பார்த்தார். “கசிவு எதுக்கு சார்? அப்புறம் எங்கேயிருந்து கசியுதுன்னு கேப்பாங்க. எடுத்துருங்க.”

நான்கு பக்கம் ஓர் ஈரக்கசிவாகி, அதுவும் உலர்ந்துபோனது. மூன்று ஊர் ஜனங்கள் ஆண்டாண்டாகக் குடித்தும் வற்றாத சுனையை இரண்டு பேர் இரண்டே நிமிடத்தில் வற்ற வைத்தார்கள்.

மறுவாரம் அறிக்கை அறுநூறு பக்கமாகத் தடித்து வந்தது. எழுத்துப்பிழை பார்க்கும் வேலை அன்புச்செல்விக்கு. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அவள் பென்சில் நின்றது.

‘பங்குனி ஆமை. பாதுகாக்கப்பட்ட கடலாமை இனம். திட்டப் பகுதியின் கிழக்கு எல்லையிலிருந்து முந்நூறு மீட்டரில் ஆண்டுதோறும் முட்டையிடுகிறது.’

போன வருடம் கடற்கரையோரம் ஒரு சொகுசு விடுதிக்காக சந்திரமௌலி எழுதிய அறிக்கையின் வரி அது. அங்கே கிழக்கே கடல் இருந்தது. செங்கரட்டிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலுக்கு ஒரு நாள் பிரயாணம். மலையையும் ஊரையும் மாவட்டத்தையும் மாற்றிய பேராசிரியர், ஆமையை மட்டும் மறந்துவிட்டார்.

அழிக்கப் போனவள், எதிர்ச் சுவரைப் பார்த்தாள். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு கல்குவாரி அறிக்கையில் மரத்தின் பெயர் தப்பு என்று அவள் சொல்லிவிட்டாள். சந்திரமௌலி அன்றைக்கு மதியச் சாப்பாடே சாப்பிடவில்லை. மறுநாள் ஜெயராம் கையெழுத்தோடு சுவரில் ஒரு சுற்றறிக்கை ஏறியது: ‘நிபுணர் எழுதிய பகுதியில் வேறு எவரும் ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது. மாற்றினால் வேலை நீக்கம்.’

அவள் ஆமை வரியை மறுபடி படித்தாள். கிழக்கு எல்லை. முந்நூறு மீட்டர். நரிச்சுனை இருக்கும் இடம்.

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

சுரங்கத்துக்கு அனுமதி தருவதா என்று முடிவு செய்ய அரசு அமைத்த நிபுணர் குழு தேனாம்பேட்டையில் ஓர் அரங்கில் கூடியது. இப்படிப்பட்ட கூட்டத்தில் முதல் இருபது நிமிடம் படம் காட்டுவார்கள், அடுத்த இருபது நிமிடம் முந்திரி சாப்பிடுவார்கள். ஜெயராம் படத்தை முடித்துவிட்டு முந்திரித் தட்டைக் கண்ணால் தேடிய சமயத்தில், பேராசிரியை வஜீஹா கையைத் தூக்கினார். குழுவில் அறிக்கையை முழுக்கப் படிக்கும் கெட்ட பழக்கம் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது.

“பக்கம் இருநூத்திப் பன்னெண்டு. பங்குனி ஆமை. இது எப்படி சார்?”

சந்திரமௌலி பக்கத்தைப் புரட்டினார். காது சிவந்தது. பிழை என்று சொல்லிவிட்டால் போதும், ஆனால் பக்கத்தின் அடியில் ‘நானே நேரில் சென்று பார்த்தேன்’ என்று அவருடைய கையெழுத்து மூன்று சுழியோடு சிரித்தது. போகாமலே போட்ட கையெழுத்து என்றானால் அவருக்கும் அங்கீகாரம் போகும், பசும்பார்வைக்கும் போகும். முந்தைய நாற்பத்திரண்டையும் யாராவது திறந்து பார்ப்பார்கள்.

“அது வந்து… ரொம்ப அபூர்வமான பதிவு மேடம்.”

“அபூர்வம்தான். கடலே இல்லையே?”

“அதனாலதான் அபூர்வம்னு சொல்றேன்.”

“நீங்களே பார்த்தீங்களா?”

சந்திரமௌலி ஜெயராமைப் பார்த்தார். ஜெயராம் முந்திரியைப் பார்த்தார்.

“பார்த்தேன்.”

“மாஷா அல்லாஹ்!” என்றார் வஜீஹா. “மலை ஏறி முட்டை போடற கடலாமை உலகத்துலயே இது ஒண்ணுதான். நேர்ல போய்ப் பார்க்காம முடிவு பண்ணினா பாவம். கிழக்கு எல்லை முழுசா நடந்து பார்த்துடலாம்.”

மூன்று பேர் கொண்ட துணைக்குழு பத்து நாளில் செங்கரட்டுக்குப் போகும் என்று முடிவாயிற்று. முந்திரி வந்தது. பசும்பார்வைக்காரர்கள் தொடவில்லை.

அலுவலகம் திரும்பியதும் ஜெயராம் கதவைச் சாத்தினார்.

“சார், பெசன்ட் நகர் பீச்சுல இருந்து ஒரே ஒரு ஆமையைக் கொண்டுபோய் அங்கே விட்டா என்ன?”

“அசடாட்டம் பேசாதேள். ஆமையைத் தொட்டாலே ஏழு வருஷம் உள்ள போடுவா. ஆத்துலேர்ந்து என் மூட்டுவலித் தைலத்தை அங்கே யார் கொண்டுவந்து தருவா?”

ஜெயராம் உள்ளே கூப்பிட்ட குரலில் கண்ணாடி அதிர்ந்தது. அன்புச்செல்வி வந்து நின்றாள்.

“புரூஃப் பார்த்தது நீதானே? ஆமை கண்ணுல படலை?”

“பட்டுச்சு சார்.”

“அப்புறம் ஏன் அடிக்கலை?”

“நிபுணர் பகுதி சார். ஓர் எழுத்து மாத்தினாலும் வேலை போயிடும்னு நீங்க ஒட்டின பேப்பர் அதோ இருக்கு. ஃபேன் காத்துல ஒரு ஓரம் கிழிஞ்சிருக்கு, வேற ஒட்டணும்.”

சந்திரமௌலி நாற்காலியில் உட்கார்ந்தார். ஜெயராம் குரலை இறக்கினார். அது இன்னும் மோசம்.

“இதோ பாரும்மா. ஒரு லெட்டர் அடிச்சிருக்கேன். ‘களப்பணியாளர் கவனக்குறைவால் நேர்ந்த தட்டச்சுப் பிழை.’ நீ கையெழுத்து போட்டுட்டா குழு போகவே வேண்டாம். சம்பளம் ஏத்தித் தர்றேன்.”

அன்புச்செல்வி கடிதத்தை நிதானமாகப் படித்தாள்.

“போடறேன் சார். ஒரு வரி மட்டும் சேர்க்கணும். ‘நான் நேர்ல போனேன். கிழக்கே ஆமை இல்லை, சுனை இருக்கு.’ என் நோட்டுப் புஸ்தகத்தையும் கூடவே வெச்சு அனுப்பிடலாம்.”

“அதை எழுதினா நாம எதுக்கு லெட்டர் அனுப்பணும்?”

“அதான் சார் நானும் யோசிக்கிறேன்.”

எதிர் நகைக்கடையில் செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை என்று ஒலிபெருக்கி கூவிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று அவளிடம் சொன்னார்கள். மாற்றினால் வேலை நீக்கம் என்று சுற்றறிக்கை ஒட்டிய அலுவலகத்தில், மாற்றாத குற்றத்துக்கு வேலை போனது அவள் ஒருத்திக்குத்தான்.

“இன்னாடி, வேல பூட்ச்சா?” என்றாள் அம்மா.

“பூட்ச்சு.”

“அந்தப் பொம்பளைக்கு ஒரு வாக்கு குட்துட்டு வந்தியே, அது இன்னா ஆச்சு?”

“தெரியல. புதன்கெழம அந்தக் குழு அங்க போவுது, அப்போ தெரியும்.”

புதன்கிழமை அடையாறு டெப்போவில், வேறொரு வேலைக்கு நேர்முகம் போய்விட்டு பஸ்ஸுக்காக நின்றாள். போன் அடித்தது. முத்தம்மா. குரலுக்குப் பின்னால் ஆட்டு மணி.

“கண்ணு, மெட்ராஸ்ல இருந்து மூணு பேர் வந்திருக்காங்க. கூட ஒரு பெரியவர், முட்டி வலிக்குதுன்னு பாதியிலயே பாறை மேல உக்காந்துட்டாரு. ஆமையத் தேடறாங்களாம். ஆமை எதுக்குங்க இங்கே வரப்போகுது? எனக்குச் சிரிப்பு அடக்க முடியலை.”

“அந்த மேடம் எங்கே இருக்காங்கக்கா?”

“நம்ம சுனைகிட்டத்தான். வெயில்ல நடந்து வந்ததும் ரெண்டு கையிலயும் அள்ளிக் குடிச்சாங்க. அப்புறம் பாட்டில்ல புடிச்சாங்க. என்னமோ டேப்பு வெச்சு அளந்தாங்க. எத்தனை ஊரு குடிக்குதுன்னு கேட்டாங்க, மூணுன்னு சொன்னேன்.”

“எழுதினாங்களா?”

“இரு கண்ணு, பாக்கறேன்.” காலடிச் சத்தம். எங்கோ ஓர் ஆடு கத்தியது. பெரும்பாக்கம் பஸ் வந்து நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அன்புச்செல்வி ஏறவில்லை.

“எழுதறாங்க கண்ணு,” என்றாள் முத்தம்மா. “ஒரு பக்கம் முடிஞ்சு, ரெண்டாவது பக்கம் திருப்பிட்டாங்க.”