பொங்கலுக்கு ஒரு சரம் வெடி

"பொங்கலுக்கு இன்னாத்துக்கும்மா வெடி? அது தீபாவளிக்குத்தான். இப்போ கீற நெலமைல சிலோன்காரங்க வூட்ல சத்தம் கேட்டா, போலீஸ் என்னைத்தான் இழுத்துகினு போவாங்க" என்றார் வீட்டுக்காரர் ஜெயவேலு.

அவர் வீட்டில் வாடகைக்கு இருக்கும் தவமணிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. யாழ்ப்பாணத்தில் பானை பொங்கி வழியும்போது வெடி கொளுத்தாவிட்டால் அது பொங்கலே இல்லை. சேலையூருக்கு வந்த இரண்டு வருஷத்தில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு ஓடவும், ஊரில் ‘பாண்’ என்றதைக் கடையில் ‘பிரெட்’ என்று கேட்கவும் பழகிவிட்டாள். இதை மட்டும் விடுவதாக இல்லை. நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கே போனாள்.

"நாளைக்குக் காலமை வெடி கொளுத்துவன், ஐயா. சொல்லிப்போட்டுப் போக வந்தனான்."

இன்ஸ்பெக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரே ஒரு சரம்தான்" என்றார்.

மறுநாள் வாசலில் பானை பொங்கி வழிந்ததும், சரத்தில் பாதியைப் பிய்த்துக் கொளுத்தினாள். படபடவென்று வெடித்தது. திரும்பினால், பக்கத்தில் நின்ற ஏழு வயது மகள் வதனியைக் காணோம். உள்ளே கட்டிலுக்கு அடியில், காதைப் பொத்திக்கொண்டு குப்புறக் கிடந்தாள். ஊரில் ஷெல் விழும்போது அப்படிப் படுக்கச் சொல்லிக்கொடுத்தவள் தவமணிதான்.

ஜெயவேலுவின் குரல் இறங்கிவிட்டது. "வேணாம்மா, கொழந்த பயப்படுது."

"அதுக்காகத்தான் அண்ணை."

மகளைத் தூக்கி வந்தாள். மிச்சச் சரத்தைத் தரையில் நீட்டினாள். எரியும் ஊதுவத்தியை அந்தச் சின்ன விரல்களில் கொடுத்து, தன் கையையும் சேர்த்துப் பிடித்தாள்.

"கண்ணைத் திற, பிள்ளை. இந்தச் சத்தத்தை நீதான் போடப்போறாய்."